சிவப்புக் காருக்கு ஒரு துணைக் கார்

வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு கார் நிற்கிறது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எருமை முதுகில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால், நிற்பது காரா, கொலுப் பொம்மையா? நீங்களே சொல்லுங்கள்.

யோசிக்கிறீர்கள். சரி, யோசித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு காட்டில் கார்மேகம் என்கிற ஆண்மயிலும் தவமணி என்கிற பெண்மயிலும் குடித்தனம் நடத்தி வந்தார்கள். அவர்களுக்கு ஐந்து குஞ்சுகள். மூத்தவள் மரகதம். கடைக்குட்டி சிட்டன். நடுவில் மூன்று பேர் உண்டு. அவசரத்தில் தவமணியே அவர்களைப் பெயர் மாற்றித்தான் கூப்பிடுவாள், அவர்களும் யார் பெயரானாலும் பரவாயில்லை என்று ஓடி வந்துவிடுவார்கள்.

கார்மேகத்துக்கு மழை அலுவலகத்தில் உத்தியோகம். மேகம் வந்தால் தோகை விரித்து ஆட வேண்டும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அறிக்கை எழுத வேண்டும். ஆடுவதைவிட எழுதுவதுதான் அதிகம் என்றாலும் தோகைக்காகத்தான் அந்த வேலையே கிடைத்தது. ஆகவே வீட்டில் தோகைக்குத் தனி மரியாதை.

தோகைக்கு அடுத்த மரியாதை அவனுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு. கோவைப்பழம் மாதிரி செக்கச்செவேல் என்று இருக்கும். இரண்டே சீட். தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் அதன் வயிறு. அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். இஞ்சினை முடுக்கினால் நாலு மலைக்கு அப்பால் படுத்திருக்கிற சிங்கம், தூக்கத்தில் நாம்தான் உறுமிவிட்டோமோ என்று எழுந்து உட்காரும்.

அவ்வளவு பெரிய சத்தத்துக்கு இடம் இருந்த காரில் தோகைக்கு இடம் இல்லை. கார்மேகம் ஓட்டும்போது தோகை ஜன்னல் வழியாக வெளியே தொங்கும். தொங்கிக்கொண்டே வழியெல்லாம் மண்ணைப் பெருக்கும். இதனால் காட்டுப் பாதை சுத்தமாக இருந்தது. தோகைதான் விளக்குமாறு ஆகிக்கொண்டு வந்தது. அதைச் சொன்னால் கார்மேகத்துக்குக் கோபம் வரும்.

குஞ்சுகள் அந்தக் காரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கலாம். “நகம் பட்டா கோடு விழும்” என்பான். காற்றடித்தால் தேக்கிலை போட்டு மூடுவான். வெயிலடித்தால் நிழலுக்குத் தள்ளுவான். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் மட்டும், “தவமணி, என்னன்னு பாரு.”

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அது மலைச்சரிவின் மேலே இருந்தது. கொக்கு டீச்சர் நடத்தினார். காலை ஒன்பதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பூட்டு கிடையாது, தேவையும் இல்லை. வாட்ச்மேன் ஓர் உடும்பு. சாத்திய கேட்டை அவர் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். யானை வந்து இழுத்தாலும் யானைதான் களைத்துப் போகும்.

தாமதமாக வந்தால் தாமத விளக்கப் படிவம் கொடுக்க வேண்டும். மூன்று நகல். தகப்பன் கையெழுத்து, தாய் கையெழுத்து, தாமதத்தை நேரில் கண்ட சாட்சியின் கையெழுத்து. படிவம் கொடுப்பதற்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் நின்றதால் மேலும் தாமதமானால் அதற்கு மஞ்சள் நிறத்தில் இன்னொரு படிவம். இப்படி மூன்று தாமதம் சேர்ந்துவிட்டால் பிள்ளையை முட்டை வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். முட்டை வகுப்பு என்றால் வருஷம் முழுக்க ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. மரகதத்துக்குத் தலையில் கொண்டை முளைத்தாகிவிட்டது. இனி எந்த ஓட்டுக்குள் போவாள் அவள்?

ஆனால் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு தாமதம் ஆகியிருந்தது. காரணம் எருமை மாமா. தினமும் காலையில் தெருப் பிள்ளைகளை எல்லாம் முதுகில் ஏற்றிப் போகிறவர். தங்கமான மாமா, குட்டையைக் கண்டால் மட்டும் உட்கார்ந்துவிடுவார்.

“மாமா, மணி எட்டேமுக்கால்” என்று மரகதம் மேலிருந்து சொல்வாள்.

“தண்ணிக்குள்ள ஏது தாயி மணி” என்று கண்ணை மூடிக்கொள்வார் அவர்.

இரண்டாவது படிவத்தில் கையெழுத்து வாங்கத் தவமணி போனபோது கார்மேகம் இலவம்பஞ்சால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க, நமக்கு இன்னொரு வண்டி வேணும்.”

“இருக்கிற வண்டிக்கு என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லைங்க. அதுல பிள்ளைங்க ஏற முடியாது, பை வைக்க முடியாது, கறையான் புத்தைத் தாண்டாது, மழையில எடுக்க மாட்டீங்க, வெயில்ல எடுக்க மாட்டீங்க. மத்தபடி தங்கமான வண்டி.”

கார்மேகம் பஞ்சைக் கீழே வைத்தான். காரைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், படிவத்தைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தான். மூன்றாவதில்தான் விஷயம் புரிந்தது.

“வாங்கலாம். ஆனா ஒண்ணு. என் வண்டிக்குப் பக்கத்துல நிக்கப் போற வண்டி. ‘கார்மேகம் வீட்டுல ஒரு கட்டைவண்டி நிக்குது’ன்னு நாலு பேர் சொல்லிரக் கூடாது. மிதிச்சா பறக்கணும்.”

“பறக்கிறதுக்குத்தான் நமக்கு றெக்கை இருக்கே.”

“அது வேற” என்றான் கார்மேகம். என்ன வேற என்று அவள் கேட்கவில்லை. கையெழுத்து இன்னும் மூன்று நகலிலும் வாங்க வேண்டியிருந்தது.

கார் விற்கிற இடம் ஒரு பெரிய வேப்பமரத்தடி. விற்பவன் வண்ணமுத்து என்கிற பச்சோந்தி. எந்தக் காரின் பக்கத்தில் நிற்கிறானோ அந்தக் காரின் நிறமாகிவிடுவான். ஒரு கண் கார்மேகத்தைப் பார்த்தது, இன்னொரு கண் தவமணியைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தலையாட்டினான்.

தவமணி வெறுங்கையோடு போகவில்லை. ஐந்து குஞ்சுகள், ஐந்து பைகள், ஐந்தடுக்குத் தூக்குச்சட்டி, ஒரு கோணி கம்பு, ஒரு பலாப்பழம். சட்டை வாங்கப் போனால் பிள்ளையைக் கூட்டிப் போய்த் தோளில் வைத்துப் பார்ப்பதில்லையா? அதே மாதிரி கார் வாங்க வீட்டையே அளவுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

“மேடம், இது குடும்ப வண்டி. ஏழு பேர் போகலாம்” என்று யானை உயரத்தில் ஒன்றைக் காட்டினான் வண்ணமுத்து. சிட்டன் அதன் படியில் ஏற மூன்று தரம் தாவினான். நாலாம் தரம் அழுதான்.

“எங்க வீட்டு ஆலமர விழுதுக்குள்ள இது நுழையுமா தம்பி?”

“விழுதை வெட்டிக்கலாம் மேடம்.”

“விழுதுல தொங்குற குரங்குங்ககிட்ட நீ வந்து சொல்லுவியா?”

வண்ணமுத்து அடுத்த காருக்கு நகர்ந்தான். “இது மைலேஜ் வண்டி. பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும்.”

“மேடு ஏறுமா?”

“நல்லா ஏறும் மேடம். ஏ.சி.யை அணைச்சிட்டு, ரெண்டு பேர் இறங்கி நடந்தா ஏறும்.”

“இது என் வண்டிக்குப் பக்கத்துலயா?” என்று கார்மேகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மரகதம் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

தவமணியின் கண் ஓரத்தில் நின்ற ஒன்றின் மேல் விழுந்தது. குட்டையாக, உருண்டையாக, வால் நறுக்கிய மாதிரி. “அது என்ன தம்பி, கோழிக்கூடு மாதிரி நிக்குது?”

அன்றைக்கு முதல் தடவையாக வண்ணமுத்துவின் இரண்டு கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

“அக்கா, அது ஹேட்ச்பேக். ஆனா சாதா ஹேட்ச்பேக் இல்ல. உள்ள டர்போ இஞ்சின் போட்டது. பார்த்தா காட்டுக்கோழி, மிதிச்சா வல்லூறு. அஞ்சு கதவு. பின்கதவு அப்படியே மேல தூக்கும். பின்சீட்டை மடிச்சா கன்னுக்குட்டி நின்னுக்கிட்டே வரலாம்.”

மேடம் போய் அக்கா ஆகிவிட்டதைத் தவமணி கவனித்தாள். மெய் பேச ஆரம்பித்தால் எல்லாரும் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

ஐந்து குஞ்சுகளையும் ஏற்றினாள். பைகளை வைத்தாள். தூக்குச்சட்டியை இரண்டு பைகளுக்கு நடுவே சொருகினாள். கம்பு மூட்டையைத் தள்ளினாள். அதன் மேல் பலாப்பழத்தை வைத்து, உருளுகிறதா என்று ஒரு குலுக்குக் குலுக்கினாள். உருளவில்லை. டிக்கியில் அதற்கு மேலும் இடமிருந்தது. தான் ஏறிப் படுத்துக் காட்டினான் வண்ணமுத்து.

“இடமெல்லாம் சரி” என்றான் கார்மேகம். “ஓட்டம்? பள்ளிக்கூட மேடு வரைக்கும் என் வண்டியோட ஓடட்டும், பார்த்துருவோம்.”

ஓடினார்கள். சமதரையில் சிவப்புக் கார் ஓர் உறுமல் உறுமிக் காணாமல் போனது. தவமணி கியரை மாற்றினாள், மிதித்தாள், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் சிவப்பு மறுபடி கண்ணில் பட்டது. அப்போது வந்தது கறையான் புற்று. கறையான்கள் பாதை நடுவில் கட்டியது. ஸ்பீடு பிரேக்கர் என்று சொல்லிக்கொள்ளும். அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டால், விண்ணப்பம் போட்டோம், பசியில் தின்றுவிட்டோம் என்னும். கார்மேகம் காரை நிறுத்தி, குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றினான். அடிவயிறு ‘கரக்’ என்றது. பக்கத்தில் தவமணியின் வண்டி தடக்தடக் என்று தாண்டி மேட்டில் ஏறியது. “இன்னொரு தரம்மா” என்றான் சிட்டன்.

கார்மேகம் மேலே வந்து சேர்ந்தபோது குஞ்சுகள் கூழ் குடித்து முடித்திருந்தார்கள்.

“ரோடு சரியில்ல” என்றான்.

“ரெண்டு வண்டிக்கும் ஒரே ரோடுதானேங்க.”

கார்மேகம் மலையைப் பார்த்தான். பிறகு, “வாங்கிக்கலாம்” என்றான்.

“எந்த கலர்க்கா வேணும்?” என்று கேட்டு வண்ணமுத்து சிவப்பானான், நீலமானான், கிளிப்பச்சையானான்.

“சேறு பட்டா தெரியாத கலர்.”

இதுவரை யாரும் கேட்காத நிறம். வண்ணமுத்து மூச்சைப் பிடித்து முக்கினான். சேற்று நிறம் வந்தது. வந்ததும் ஆளைக் காணோம். தரையிலிருந்து குரல் மட்டும், “இப்படித்தான்க்கா இருக்கும்” என்றது.

சேற்று நிறக் கார் வீட்டுக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மறுநாளே ஓட்டத்தைத் தொடங்கினாள் தவமணி. எட்டு நாற்பதுக்கெல்லாம் பள்ளிக்கூட வாசல். உடும்பு வாட்ச்மேன் உட்கார்ந்த வாக்கிலேயே ஜன்னல் வழியாகப் பார்த்து ‘ம்’ என்பார். கொக்கு டீச்சரிடமிருந்து அதுவும் கிடையாது. நேரத்துக்கு வருகிறவர்களை யார் கவனிக்கிறார்கள்? அவர்களுக்கென்று ஒரு படிவம்கூட இல்லை.

தவமணி அதைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சரிவு காலியாக இருக்கும். கொண்டை பின்னால் படுத்துக்கொள்கிற அளவுக்கு மிதிப்பாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் அவளை யாரும் அம்மா என்று கூப்பிடமாட்டார்கள்.

ஆடி மாசம் பிறந்தது. மேகம் திரண்டது. ஒரு சனிக்கிழமை கார்மேகம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“தவமணி, இன்னைக்கு மேலதிகாரி தோகை பார்வையிட வர்றார். பின்சீட்டை மடிச்சா தோகையை மடிக்காம நீட்டி வைக்கலாம் போல இருக்கே. உன் வண்டியை எடுத்துக்கட்டுமா? இன்னைக்கு மட்டும்.”

பள்ளிக்கூடம் இல்லாத நாள். கொடுத்தாள். சாயங்காலம் கார்மேகம் சிரித்த முகமாக வந்தான். தோகையில் ஒரு கண்கூடக் கலையவில்லை. புதுத் தோகையா என்று அதிகாரி கேட்டாராம்.

திங்கட்கிழமை காலை. ஐந்து அடுக்கிலும் சோறு வைத்து மூடி, ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி மூக்கைத் துடைத்து, தவமணி வெளியே வந்தாள். சேற்று நிறக் காரைக் காணவில்லை. சேற்றில்தான் நிற்கிறதோ என்று ஒரு தடவை உற்றுக்கூடப் பார்த்தாள். இல்லை. சிவப்புக் கார் மட்டும் நின்றது. அதன் மேல் சாவி. சாவிக்கு அடியில் ஒரு தேக்கிலை. இலையில் கார்மேகத்தின் கிறுக்கல்: “அவசர மேகம். என் வண்டியில் போகவும். நகம் பத்திரம்.”

மணி எட்டரை. எருமை மாமா எப்போதோ போய்விட்டார்.

தவமணி வாய்க்குள் ஏதோ சொன்னாள். குஞ்சுகள் கேட்கக் கூடாதது. பிறகு பிள்ளைகளை அடுக்கத் தொடங்கினாள். மரகதம் பக்கத்து சீட்டில். அவள் மடியில் ஒருத்தி, அந்த ஒருத்தி மடியில் ஒருத்தன். நாலாவது ஆள் காலடியில் குந்திக்கொண்டான். சிட்டன் முன்கண்ணாடிக்கு அடியில், லாரியில் வைக்கிற தலையாட்டிப் பொம்மை மாதிரி. தூக்குச்சட்டி தவமணியின் மடியில். பைகளுக்கு இடமே இல்லை. அவற்றை வாசலிலேயே விட்டாள்.

சாவியைத் திருப்பினாள். சிங்கம் எழுந்து உட்கார்ந்தது.

கறையான் புற்றில் எல்லாரையும் இறக்க வேண்டியதாயிற்று. “அம்மா, அப்பா இந்த இடத்துலதான் ‘கரக்’னு சத்தம் விடுவார்” என்றான் சிட்டன். தவமணியும் விட்டாள். மறுபடி ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி, மேடேறி, பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். கேட் சாத்தியிருந்தது. கேட்டின் மேல் உடும்பு. அவர் கக்கத்தில் படிவக் கட்டு.

தவமணிக்குக் கண் முன்னால் மரகதம் தெரிந்தாள், ஒரு முட்டை ஓட்டுக்குள், கொண்டை மட்டும் ஓட்டைத் துளைத்துக்கொண்டு. மரகதமும் அதையேதான் நினைத்திருப்பாள். தம்பி தங்கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

உடும்புக்கு மேலிருந்து பார்க்கையில் ஒரு சிவப்புக் கூரைதான் தெரிந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. இறங்கி வந்தார். பார்த்தார், தெரியவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். தாடை மண்ணைத் தொடுகிற வரைக்கும் குனிந்த பிறகுதான் ஜன்னல் வந்தது.

“யாரு?”

“நான்தாங்க, தவமணி. அஞ்சு குஞ்சுங்களோட அம்மா.”

உடும்பு நிமிரவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

“குனிஞ்சுட்டனே தாயி” என்றார்.

“அதனால என்னங்க?”

விஷயம் என்னவென்றால், அந்தக் காட்டு உடும்புகளுக்கு ஒரு குலவழக்கம் உண்டு. ஒருவர் முன்னால் தலை குனிந்துவிட்டால் அவர் விருந்தாளி. விருந்தாளியை வாசலில் நிறுத்தினால் வம்சத்துக்கே இழுக்கு. அதனாலேயே உடும்புகள் யாருக்கும் குனிவதில்லை. நிமிர்ந்த தலையோடு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்க நிமிர்ந்துக்கங்க” என்றாள் தவமணி.

“நிமிர்ந்துட்டா குனிஞ்சது இல்லேன்னு ஆயிருமா? எங்க பாட்டன் முகத்துல எப்படி முழிப்பேன்?” படிவக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “உள்ள வாங்க தாயி.”

“அப்ப லேட்டு ஃபாரம்?”

“விருந்தாளிக்கு ஏது லேட்டு? அவங்க வர்ற நேரம்தான் நேரம்.”

கேட் திறந்தது. உடும்பு குனிந்ததை உள்ளேயிருந்து பார்த்த கொக்கு டீச்சர், வந்திருப்பது பெரிய இடம் என்று முடிவு கட்டினார். எப்போதும் ஒற்றைக் காலில் நிற்கிறவர், அன்று இரண்டாவது காலையும் ஊன்றினார். முடிந்துபோன காலை வணக்கப் பாட்டை முதலிலிருந்து பாடச் சொன்னார். சிட்டன் முன்கண்ணாடியிலிருந்து இறங்கி நடுவில் நின்று பாடினான். ஐந்து பேரும் வழக்கமான இறகு வகுப்பிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

திரும்பும்போது தவமணி கேட்டாள், “ரெண்டு மாசமா எட்டு நாப்பதுக்கே வந்தேனே, நீங்க ஒரு ‘ம்’தானே சொன்னீங்க?”

“அது இதைவிட உயரமான வண்டி தாயி. உட்கார்ந்தபடியே முகம் தெரிஞ்சுது. குனிய வேலையே வைக்கல.”

அன்று சரிவில் தவமணி மிதிக்கவில்லை. மெதுவாக, யோசித்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் கார்மேகம் பூனை மாதிரி வந்தான். முதலில் சிவப்புக் காரை ஒரு சுற்றுச் சுற்றி நகக்கோடு எண்ணினான். ஏழு இருந்தது. சொல்ல வாயெடுத்தான், தவமணியின் கையில் கரண்டியைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“கோவிச்சுக்காத தவமணி. நாளையிலேர்ந்து உன் வண்டி உனக்குத்தான்.”

“பரவாயில்லைங்க. உங்க தோகையைவிடவா? நீங்களே வச்சுக்கங்க.”

இப்படி ஒரு மனைவி எந்த மயிலுக்கு வாய்க்கும் என்று கார்மேகம் உருகிப்போனான். மறுநாள் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னான். சொன்னதுதான் தப்பு.

மழை அலுவலகத்தில் தவளைகளும் வேலை பார்த்தன. மழை வருது, வருது என்று குளத்தோரத்தில் உட்கார்ந்து கத்துவது அவர்கள் பொறுப்பு. “சார், வண்டியில பின்னாடி இடம் இருக்காமே. போற வழிதானே, குளத்தோரமா இறக்கி விட்ருங்க” என்று முதல் நாள் இரண்டு தவளை ஏறியது. மறு வாரம் பதினோரு தவளை. எல்லாம் ஈரம். அடுத்து ஒரு காட்டுப்பன்றி, “டிக்கி சும்மாதானே தம்பி கிடக்கு” என்று இரண்டு மூட்டை கிழங்கை ஏற்றியது. இல்லை என்று சொல்லலாம் என்றால் பின்கதவைத் தூக்கினாலே இடம் பல்லை இளிக்கிறது. சிவப்புக் காரை இத்தனை வருஷத்தில் ஒருவரும் போகிற வழிதானே என்று கேட்டதில்லை என்பது கார்மேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நீட்டி வைத்த தோகையின் மேல் தவளைகள் பாய் விரித்தது போல உட்கார்ந்து வந்தன.

தவமணி பக்கம் வேறு மாதிரி நடந்தது. ஒன்பதே காலுக்குப் போனவள் ஒன்பதரைக்குப் போனாள். பிள்ளைகள் எட்டு மணி வரை தூங்கினார்கள். சூடாகச் சாப்பிட்டார்கள். உடும்பு வாட்ச்மேன் தினமும் இன்று குனியக் கூடாது என்று சபதம் போட்டு, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியாமல், தினமும் குனிந்தார். சிவப்புக் காரின் வயிறு உரசி உரசிக் கறையான் புற்று பாதியாகத் தேய்ந்தது. கொக்கு டீச்சர் மரகதத்திடம் ஒரு நாள், “அம்மா எப்ப வருவாங்கன்னு முன்கூட்டியே சொன்னா, மணியை அதுக்குத் தகுந்த மாதிரி அடிச்சுக்கலாம்” என்று தாழ்மையாகச் சொல்லி அனுப்பினார். புத்தகப் பையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. விருந்தாளி வீட்டுப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்பது நாகரிகமா?

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணி. தவமணி சிட்டனுக்கு இரண்டாம் தரம் கம்பஞ்சோறு வைத்துக்கொண்டிருந்தாள். கார்மேகம் வந்து எதிரில் உட்கார்ந்தான். தோகையில் பாசி ஒட்டியிருந்தது. பக்கத்தில் வந்தால் குளத்து வாடை அடித்தது.

“தவமணி, உன் வண்டியை நீ எடுத்துக்கயேன்.”

“ஏங்க? நல்ல வண்டிதானே.”

“நல்ல வண்டிதான். அதான் பிரச்சினையே. தவளைங்களை எல்லாம் இறக்கிட்டுப் போறதுக்குள்ள எனக்கு ரெண்டு தாமதம் ஆயிருச்சு. மூணாவது ஆச்சுன்னா தூறல் பிரிவுக்கு மாத்திருவாங்க. அங்க தோகை விரிக்கக் கூடாதாம். தலையை மட்டும் ஆட்டணுமாம்.” தோகையிலிருந்து ஒரு பாசியைக் கிள்ளிப் போட்டான். “என் சிவப்பு வண்டியைக் குடுத்துரு. அதுல நான் ஒருத்தன்தான் உட்கார முடியும். யாரும் கேக்க மாட்டாங்க.”

தவமணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு கவளம் சிட்டன் வாயில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு தாமதம் ஆயிருக்குங்க. உங்களுக்காவது தலை ஆட்டலாம். முட்டைக்குள்ள அதுவும் முடியாது.”

“உன் வண்டியிலதான் நேரத்துக்குப் போயிரலாமே.”

“போகலாம். ஒரு நாள் டயர் பஞ்சராச்சுன்னா? ஒரு நாள் சிட்டனுக்கு வயித்தைக் கலக்குச்சுன்னா? நேரத்துக்குப் போறவ தினமும் நேரத்துக்குப் போகணுங்க. இந்த வண்டியில போனா அந்தக் கவலையே இல்ல.”

கார்மேகம் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் வெளியே சேற்று நிறக் காரின் பக்கத்திலிருந்து, “சார், கிளம்பலாமா” என்று பதினோரு குரல் கேட்டது.

தவமணி கையைக் கழுவினாள். குஞ்சுகள் பழகிய கையாக ஒருவர் மடியில் ஒருவர் அடுக்கிக்கொண்டார்கள், சிட்டன் கண்ணாடிக்கு அடியில் ஏறிக்கொண்டான். அவளும் உள்ளே இறங்கி உட்கார்ந்து, சாவியைத் திருப்பப் போனவள் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“ஏங்க, பிள்ளைங்களுக்கு இன்னைக்குப் பரீட்சையாம். பை அஞ்சும் வாசல்லயே இருக்கு. பின்னாடியே வந்து பள்ளிக்கூடத்துல இறக்கி வச்சிட்டுப் போயிருங்களேன். உங்க வண்டியிலதான் இடம் இருக்கே.”

நீதி: எல்லாருக்கும் உதவுகிற வண்டியாக ஆராய்ந்து, டிக்கியை அளந்து பார்த்து வாங்குங்கள், வாங்கியதும் அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுங்கள்.